பதினொன்று முதல் நாலு வரை

இது கதை இல்லை. நடந்தது. நடந்த இடத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறவன் நான். கடைசியில் கடப்பாறையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஊர்ப் பேரை மட்டும் கேட்காதீர்கள். போடிக்கும் மலைக்கும் நடுவே ஒரு சின்னப் பேரூராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற சந்திரவல்லி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். என் கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று முறை இதைச் சொன்னாள். மூன்று முறையும் ஒரு நிமிஷம்கூட முன்னே பின்னே மாறவில்லை.

எங்கள் ஊரில் பூங்கா, விளையாட்டுத் திடல், கலை விழா மூன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி உண்டு. ஐந்து கவுன்சிலர்கள். தலைவி சந்திரவல்லி. மனைவி கவுன்சிலர், புருஷன் நாற்காலியில் என்கிற வீடு இல்லை அது. அவள் வைத்ததுதான் சட்டம். ஊஞ்சலுக்கு என்ன நிறம், வாலிபால் வலையை எத்தனை மணிக்கு அவிழ்ப்பது, பொங்கல் விழாவில் யார் ஆடுவது, எல்லாம் அவள்தான். மற்ற நாலு பேரும் வடையைக் கடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் விடியற்காலையில் பூங்கா வாசலில்தான் நிற்கும். ஜீப்பைத் தவறவிட்டவர்களும், உடம்புக்கு முடியாமல் பாதி நாளில் இறங்கி வந்தவர்களும் உள்ளே மர நிழலில் கொஞ்சம் சாய்வார்கள். சந்திரவல்லிக்கு அது கண்ணை உறுத்தியது.

"இது பார்க்கா, சத்திரமா?" என்றாள்.

தீர்மானம் போட்டார்கள். பகல் பதினொன்று முதல் நாலு வரை பூட்டு. சுவர் மேல் கண்ணாடிச் சில்லு. காவலாளி சுடலை இளகின மனசுக்காரன், கெஞ்சினால் திறந்துவிடுவான். அதனால் அந்த ஐந்து மணி நேரமும் சாவி தலைவி வீட்டில் இருக்க வேண்டும். பூட்டுகூட அவளே போடிக்குப் போய்ப் பார்த்து வாங்கியது. நல்ல பூட்டு.

2023 அக்டோபர். செவ்வாய்க்கிழமை.

மருதாயி என்று ஒருத்தி. ஏலக்காய் பறிக்கிறவள். காய்ச்சல் என்று பத்தரைக்கு ஜீப்பில் இறக்கிவிட்டுப் போனார்கள். பூங்காவின் கடைசியில், வாகை மரத்துக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டு பெஞ்சில் போய்ப் படுத்துவிட்டாள். பதினொன்றுக்குச் சுடலை மூன்று விசில் ஊதினான். பூட்டினான். சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது கம்பிக் கதவுக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் தகரத் தூக்குவாளி. பேச்சு வரவில்லை.

சரியாகப் பன்னிரண்டு பத்துக்குச் சந்திரவல்லிக்குப் போன் போட்டான்.

"அக்கா, உள்ள ஒரு பொம்பள மாட்டிக்கிட்டா. காச்சலா கெடக்கு. தொறந்து விடுங்க."

"நாலு மணிக்குத் தொறக்கலாம்."

"அக்கா..."

"ஒருத்திக்குத் தொறந்தா ஒம்பது பேரு வருவாக. சோலியப் பாரு."

நாலு மணிக்குத் திறந்தார்கள். மருதாயி கதவடியில் கிடந்தாள். உயிர் இல்லை. உடம்பில் சூடு மட்டும் இன்னும் இருந்தது என்று சுடலை சொன்னான்.

சந்திரவல்லி பதறவில்லை. உடம்பைத் தூக்கி ஜீப் ஸ்டாண்டில் கிடத்தச் சொன்னாள். ஜீப்புக்குக் காத்திருந்தவள் அங்கேயே இறந்தாள் என்று பேச்சாயிற்று. வாயைத் திறந்தால் வேலை போகும் என்று சுடலையிடம் சொன்னாள். தூக்கியதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். என் கடை பேரூராட்சி இடத்தில் இருக்கிறது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். வெளியிடத்தில் செத்தால், உயிர் போன இடத்திலேயே விளக்கு வைத்து, 'வா, வீட்டுக்குப் போகலாம்' என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு வருவார்கள். மருதாயியின் மகள் பாண்டீஸ்வரி ஜீப் ஸ்டாண்டில் விளக்கு வைத்தாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே முன்னால் நடந்தாள். அவள் பின்னால் யாரும் வரவில்லை. வரவேண்டியவள் எதிரே பூட்டிய கதவுக்குள் இருந்தாள்.

டிசம்பர் 19, செவ்வாய். பன்னிரண்டு பத்து.

சந்திரவல்லியின் போன் அடித்தது. 'சுடலை பூங்கா' என்று பெயர் வந்தது.

"அக்கா, உள்ள ஒரு பொம்பள மாட்டிக்கிட்டா. தொறந்து விடுங்க."

இன்னொரு பிணமா என்றுதான் முதலில் நினைத்தாள். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். மூன்று தெரு தள்ளித்தான் பூங்கா. திறந்து தேடினாள். யாரும் இல்லை. சிமெண்டு பெஞ்சில் மட்டும் ஆள் படுத்த அளவுக்கு ஈரம். பச்சை ஏலக்காய் வாசனை. எங்கள் ஊரில் அந்த வாசனை எல்லார் துணியிலும் இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

டிசம்பர் 26. மறுபடி செவ்வாய். மறுபடி பன்னிரண்டு பத்து. அதே குரல், அதே சொல். போனாள். யாரும் இல்லை. ஆனால் அவள் தொடுவதற்கு முன்பே கம்பிக் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. யாரோ அப்போதுதான் தட்டி ஓய்ந்த மாதிரி.

நேரே சுடலை வீட்டுக்குப் போனாள். அவன் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"எதுக்குடா வெளையாடுற?"

"நான் கூப்புடவே இல்லக்கா. இந்தா, நீங்களே பாருங்க."

போனை நீட்டினான். அவன் அவளுக்குப் பேசியதாக அதில் எதுவும் இல்லை. அழித்துவிட்டான், பயம் காட்டிப் பணியவைக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட முடிவு செய்தாள்.

ஜனவரி 2. செவ்வாய்.

பன்னிரண்டு மணிக்கே போய்ப் பூங்கா வாசலில் நின்றாள். கையில் சாவி. ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஜீப்புகள் எல்லாம் மலைமேல். என் கடையிலும் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வாசல் நிழலில் அவள் மட்டும்.

பன்னிரண்டு பத்து.

போன் அடித்தது. சுடலை பூங்கா.

"அக்கா, உள்ள ஒரு பொம்பள மாட்டிக்கிட்டா..."

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. டங்... டங்... டங்... கம்பியில் தகரம் மோதுகிற சத்தம். மூன்று தட்டு. கொஞ்சம் ஓய்வு. மறுபடி மூன்று. சத்தம் கதவிலிருந்து வந்தது. கதவிலோ யாரும் இல்லை.

கோபத்தில் திறந்து உள்ளே போனாள். பத்தடி வைத்திருப்பாள்.

பின்னால் கதவு மூடியது.

'டக்' என்று பூட்டு விழுந்தது.

திரும்பி ஓடினாள். கம்பிக்குள் கையை விட்டுப் பூட்டைப் பிடித்தாள். சாவி நுழைந்தது. திரும்பவில்லை. அவளே பார்த்து வாங்கிய பூட்டு.

"யாராச்சும் தொறங்க!"

காதில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. இப்போது அது சுடலை குரல் இல்லை...

அவள் குரல்.

"நாலு மணிக்குத் தொறக்கலாம்."

உடம்பு கொதித்தது. நாக்கு வறண்டது.

வாகை மரத்துக்குப் பின்னால் பார்த்தாள்.

பெஞ்சில் ஒருத்தி. முதுகைக் காட்டி.

மெல்ல எழுந்தாள்...

நாலு மணிக்குச் சுடலை வந்தபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. பூட்டு திறந்தபடி கொண்டியில் தொங்கியது. சந்திரவல்லி அந்த சிமெண்டு பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் நூற்று மூன்று.

இரண்டு நாள் படுக்கை. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது மகள் சுஜிதா. ஒரே பிள்ளை. இருபத்துமூன்று வயது. பொங்கல் விழாவில் ஆடப்போகிற கோலாட்டத்துக்கு அவள்தான் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வாயில் அடித்துக்கொள்கிற மருந்து எப்போதும் கூடவே இருக்கும். சந்திரவல்லி உலகத்தில் யாருக்காவது இறங்கி வந்தாள் என்றால் அது இந்தப் பிள்ளைக்குத்தான்.

"ஏம்மா, அந்தக் கதவத் தொறந்தே போட்டா என்ன?" என்றாள் சுஜிதா.

"அது கமிட்டி முடிவு. நீ தலையிடாத."

ஜனவரி 5, வெள்ளிக்கிழமை. பாண்டீஸ்வரி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்கம்மா தெனமும் கனவுல வருது. 'பூட்டியிருக்கு, பூட்டியிருக்கு'ங்குது. பார்க்குக்குள்ள ஒரே ஒரு வெளக்கு வச்சுக் கூப்புட்டுக்கிறேன். வேற எதுவும் வேணாம்."

ஒரு விளக்கு. அவ்வளவுதான் கேட்டாள். அப்போது சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று சந்திரவல்லி இன்றைக்குத் தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் போட்ட கணக்கு வேறு. பூங்காவில் விளக்கு வைக்கவிட்டால், பூங்காவில் செத்தாள் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தலைவி பதவி போகும். போலீஸ் வரும்.

"ஒங்கம்மா ஜீப் ஸ்டாண்டுலதான் செத்தா. அங்க போயி வச்சுக்க."

பாண்டீஸ்வரி அழவில்லை. "ஒங்களுக்கும் பொண்ணு இருக்குல்லக்கா" என்றாள். போய்விட்டாள்.

ஜனவரி 9. செவ்வாய்.

சந்திரவல்லி காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு யார் கூப்பிட்டாலும் போவதில்லை. பதினொன்று ஐந்துக்குச் சுடலை சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். சாவியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். மந்திரித்த கயிறு மணிக்கட்டில் இருந்தது. கண் கடிகாரத்தில் இருந்தது.

பன்னிரண்டு ஒன்பது...

பன்னிரண்டு பத்து.

போன் அடித்தது. சுடலை பூங்கா.

"அக்கா, உள்ள ஒரு பொம்பள மாட்டிக்கிட்டா. தொறந்து விடுங்க."

அதே குரல். அதே சொல். பின்னால் அதே டங்... டங்... டங்...

அவளுக்குப் பயத்தை மீறி ஆத்திரம் வந்தது.

"கெடக்கட்டும்! நாலு மணிக்குத் தொறக்கலாம்!"

போனை அணைத்து அலமாரிக்குள் போட்டாள்.

என் ஷட்டரைச் சுடலை தட்டியபோது மணி பன்னிரண்டு இருபத்தைந்து. "அண்ணே, கடப்பாறை! அக்கா வீட்டுக் கதவத் தட்டித் தட்டிப் பாத்தாச்சு, தொறக்கல. வெரசா கொண்டாங்கண்ணே!" ஓடினேன். கதவுக்குள்ளே சுஜிதா கம்பியைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தாள். உதடு நீலம். மூச்சு சீட்டி அடித்தது. மருந்தும் போனும் வெளியே நின்ற அவள் ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியில் இருந்தன. சீட்டை உடைத்து மருந்தை எடுத்துக் கொடுத்தோம். வாய்க்குக் கொண்டுபோக அவள் கையில் வலு இல்லை. பின்பக்கம் சரிந்துவிட்டாள், என் கை கம்பிக்குள் அவ்வளவு தூரம் எட்டவில்லை. பூட்டை நெம்பினோம், நெம்பினோம்... அது தெறித்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஆஸ்பத்திரியில், கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். சந்திரவல்லி வீட்டிலிருந்து பூங்காவுக்கு நாலு நிமிஷ நடை.

பூங்காவுக்குள் இருக்கிற விழா மேடையில் கோலாட்டத்துக்குச் சாக்பீஸ் கோடு போட வந்திருக்கிறாள் சுஜிதா. மருதாயி செத்த நாளிலிருந்து பெஞ்சு பெஞ்சாகப் பார்த்த பிறகுதான் சுடலை பூட்டுவான். அன்றைக்கும் பார்த்தான். "ஸ்கூட்டி நின்னுச்சு. கடைக்குப் போயிருக்குன்னு நெனச்சேன். மேடையில ஆளே இல்லண்ணே, எம்புள்ளைக மேல சத்தியமா" என்கிறான். கோடுகள் மட்டும் மேடை முழுக்க இருந்தன.

போலீஸ் விசாரித்தது. போன் கம்பெனிக் கணக்கை எடுத்தார்கள். டிசம்பர் 19, 26, ஜனவரி 2... மூன்று நாளும் சந்திரவல்லிக்குச் சுடலையிடமிருந்து எந்த அழைப்பும் போகவில்லை. ஜனவரி 9 பன்னிரண்டு பத்துக்கு மட்டும் ஒன்று போயிருந்தது. அது நிஜம்.

சுடலை போனில் பேசுவதெல்லாம் தானாகப் பதிவாகும். அது அவனுக்கே தெரியாது. ஸ்டேஷனில் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு போட்டுக் காட்டினார்கள்.

"அக்கா, நம்ம சுஜிதா உள்ள மாட்டிக்கிச்சு! இழுப்பு வந்திருச்சு! சாவியக் கொண்டாங்க! சுஜிதா! சுஜிதா!"

மூன்று முறை பேர் சொல்லியிருந்தான். ஒரு முறைகூட அவள் காதில் விழவில்லை. அடுத்து அவள் குரல் வந்தது. நாலு மணிக்குத் தொறக்கலாம். சந்திரவல்லி ஸ்டேஷன் தரையில் புரண்டாள். அன்று சாயங்காலமே மருதாயி செத்த இடத்தைச் சுடலை சொல்லிவிட்டான். நானும் சொன்னேன்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பதிவில், சுடலை கத்துவதற்குப் பின்னால், ஒரு சத்தம் இருக்கிறது. டங்... டங்... டங்... மூன்று தட்டு. கொஞ்சம் ஓய்வு. மறுபடி மூன்று. சுஜிதா கையில் சாக்பீஸ் தவிர ஒன்றும் இல்லை.

அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். அக்டோபரில் அந்தச் செவ்வாய்க்கிழமை, ஷட்டருக்குள் படுத்திருந்த நான் அதை ஒரு மணிவரை கேட்டேன். யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு தட்டுகிறார்கள் என்று தெரிந்தும், தூக்கம் கெடுகிறதே என்று புரண்டு படுத்தேன். கடப்பாறை அன்றைக்கும் என் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

இப்போது பூங்காவுக்குப் பூட்டு இல்லை. பாண்டீஸ்வரி உள்ளே விளக்கு வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். விளக்கு மூன்று முறை அணைந்தது.

போன செவ்வாய் பன்னிரண்டு பத்துக்கு என் போன் அடித்தது. சுடலை என்று பெயர் வந்தது. சுடலை அப்போது என் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் போன் மேஜைமேல் இருந்தது.

நான் எடுக்கவில்லை.

நாளை செவ்வாய். என் மகன் ராஜ்கமல் மலையில் ஜீப்பு ஓட்டுகிறான்.