பத்து மணி என்றால் எந்த ஊர் பத்து மணி?

லண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம், சொல்லுங்கள் பார்க்கலாம்? பத்தாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், நேர் விமானம், பதின்மூன்று மணி நேரம். சரிதான். ஆனால் வீட்டில் காத்திருப்பவருக்கு இந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போடுகிறேன். டூரிசம் டிப்ளோமா முடித்து இரண்டு வருஷம். முதலாளிக்கு இருபது வருஷ சர்வீஸ். அதைத் தினமும் சொல்லிக் காட்டுவார்.

நேற்று சாயந்திரம் கிள்ளானிலிருந்து எங்கள் வாடிக்கையாளர் கலா அக்கா போன் செய்தார். அவருடைய அப்பா இறந்துவிட்டார். கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன், அக்காவின் தம்பி சுரேன், லண்டனில் இருக்கிறார். முதலாளி டிக்கெட் போட்டு நேராக சுரேனுக்கு அனுப்பினார். அக்காவுக்கு வெறும் வாய்க்கணக்குதான்.

"நைட் ஒம்பது மணிக்கு ஏறுறாரு, பதிமூணு மணி நேரம். நாளைக்குக் காலைல பத்துக்கு இங்க இருப்பாரும்மா. கவலப்படாதீங்க."

அது லண்டன் ஒன்பது மணி. அங்கே காலை பத்து என்றால் இங்கே மாலை ஆறு. பக்கத்து மேசையில்தான் இருந்தேன், காதில் விழுந்தது. நானும் யோசிக்கவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

இன்று காலை அக்கா மின்சுடலையில் தகனத்துக்கு நாலு மணிக்கு இடம் பிடித்துவிட்டார். பத்தரைக்கு எங்களைக் கூப்பிட்டார்.

"தம்பி, சுரேன் போன் எடுக்கல. லேண்ட் ஆயிட்டானா பாருங்களேன்."

பார்த்தேன். "அக்கா, ஆறு மணிக்குத்தான் எறங்கும்."

"நீங்கதானே பத்துன்னு சொன்னீங்க?"

முதலாளியிடம் போனேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"டிக்கெட்ல டைம் போட்டிருக்குலா. அவங்கதான் பாத்திருக்கணும்."

"அவங்களுக்கு நீங்க டிக்கெட்டே அனுப்பல, பாஸ்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? போய் மெல்பர்ன் குரூப்பப் பாரு."

பார்க்கவில்லை. மின்சுடலைக்குப் போன் அடித்தேன். நாலு மணிதான் கடைசி, நாளைக்கு முழுக்க ஃபுல். பெட்டாலிங் ஜெயா மின்சுடலையிலும் கேட்டேன், அங்கேயும் அதே கதை. திரும்ப அக்காவைக் கூப்பிட்டால் அவருடைய பெரியப்பா போனை வாங்கிக்கொண்டார்.

"நாளன்னிக்கு வரைக்கும் வைக்க முடியாது தம்பி. சொந்தமெல்லாம் ஈப்போலேருந்து வந்து உக்காந்திருக்கு. என் மவன் கொள்ளி வைப்பான்."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "அப்பா மொகத்தக்கூட காட்டலியேன்னு அவன் என்னத்தானே கேப்பான், பெரியப்பா?"

முதலாளி குடிக்க மைலோ வாங்கிவரச் சொன்னார். நீங்களே போய் வாங்குங்கள் என்றேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, தூரமும் பறக்கும் நேரமும் யார் வேண்டுமானாலும் போனில் தட்டிப் பார்த்துக்கொள்வார்கள். இறங்கும் நேரத்தை, காத்திருப்பவரின் ஊர் மணியில், எழுதி அவர் கையில் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

இப்போது மணி மூன்றரை. அக்காவின் அப்பாவை ஏற்றிய வண்டி வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டது. சுரேன் வங்காள விரிகுடாவுக்கு மேலே வந்துகொண்டிருக்கிறார்.