நிலவறைக்கு வந்த மேட்டு மண்

வெல்டா ஹாகனுக்கு மறதி நோய் என்று முடிவு கட்ட அந்த டாக்டருக்குப் பதினொரு நிமிடம் போதுமானதாக இருந்தது. எதிர்ச்சுவரில் கடிகாரம் மாட்டியிருந்ததால் எனக்குத் தெரியும். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். இரண்டு முட்களும் ஒரே பக்கம் போய் நின்றன. மூன்று வார்த்தைகளைச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டார், ஒன்றுதான் வந்தது. வயதானால் இப்படித்தான், இனிமேல் தனியாக இருக்க விடாதீர்கள் என்று வெல்டாவின் மகன் கர்ட்டிடம் சொன்னார். சொல்லும்போதும் கண் கணினித் திரையில்தான் இருந்தது. அவள் கையை ஒரு தடவை தூக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

இது பிப்ரவரியில். பில்லிங்ஸ் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏப்ரல் முதல் தேதி அறை காலியாகிறது என்று கர்ட் அன்று மாலையே விசாரித்துச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். தொண்ணூறு மைல் தள்ளி வேலை, பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வாரம் இருமுறை வந்து போகிறவன். அம்மா இரண்டு தடவை அடுப்பை அணைக்காமல் விட்டிருந்தாள். பயந்துபோய்த்தான் ஜனவரியிலிருந்து அவளைப் பார்த்துக்கொள்ள என்னை வாரம் மூன்று நாள் வேலைக்கு வைத்தான். நான் முப்பத்தோரு வருடம் நோயாளிகளைக் குளிப்பாட்டி, உணவு கொடுத்து, புரட்டிப் படுக்கவைத்தவள். அதற்கான படிப்பும் படித்தவள்.

வெல்டா இருபத்தெட்டு வருடம் எங்கள் ஊர் ஆல்டர் ஃபோர்க்கில் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பூஜ்யத்துக்கு முப்பது டிகிரி கீழே போனாலும் காலை ஏழு பத்துக்கு வண்டி வந்து நிற்கும். அவள் கணவன் ஆர்ன் துப்பாக்கி கிளப்பில் ஓயாமல் சுடுகிறவன். வெல்டாவுக்குச் சுடுவதில் விருப்பமே கிடையாது. சத்தம் பிடிக்காது. ஆனால் சுட்ட ஈயம் எல்லாம் மைதானத்தின் கோடியில் இருக்கும் மண்மேட்டில் புதைந்து வீணாவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஓர் அக்டோபரில் மண்வெட்டியோடு போய்த் தோண்டினாள். அப்படித் தொடங்கியதுதான். ஆர்ன் இறந்து பன்னிரண்டு வருடமாகியும் அவள் நிறுத்தவில்லை.

அந்த கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. மேட்டைத் தோண்டுகிறவர் அதே மண்ணைத் திரும்பப் போட்டுச் சரிவைக் கட்டித் தர வேண்டும். மே மாதப் போட்டிக்கு வேண்டிய குண்டுகளை வார்த்துத் தர வேண்டும். மீதி ஈயம் தோண்டியவருக்கு. இதெல்லாம் வாய்ப்பேச்சுதான், எழுத்தில் ஒன்றும் கிடையாது. முப்பது வருடமாக அந்த மேடு சரியாமல் நிற்பதற்கு வெல்டா முதுகொடியச் செய்த வேலைதான் காரணம்.

ஈயம் உருக்குவதில் அவளைப் போல ஜாக்கிரதையானவளை நான் பார்த்ததில்லை. கொல்லையில் திறந்த வெளியில்தான் உருக்குவாள். குறுக்காக அறுத்த பழைய கேஸ் சிலிண்டர்தான் பாத்திரம். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மேகம் கறுத்தால் அடுப்பை மூடிவிடுவாள், ஏனென்றால் உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் மொத்தமும் வெடித்து முகத்தில் தெறிக்கும். பீர் டப்பாவோடு எவனும் பக்கத்தில் வரக் கூடாது. குண்டுகளின் செம்பு உறைகள் மேலே மிதந்து வரும். கரண்டியால் வழித்து எடுப்பாள். மரத்தூள் ஒரு பிடி போட்டுக் கிளறிக் கசடு நீக்கி, கப்கேக் தட்டின் குழிகளில் ஊற்றி ஆறவிடுவாள். அந்தத் தட்டு சமையலறைப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று அதில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தாள். அவ்வளவு தெரிந்தவள்.

நான் போன முதல் வாரத்திலேயே சில விஷயங்கள் எனக்கு உறுத்தின. எதைச் சாப்பிட்டாலும் வாயில் காசு வைத்தது போல இருக்கிறது என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்காருவாள். மலம் நான்கைந்து நாளுக்கு ஒரு முறைதான் போனது. தட்டை நீட்டினால் இடது மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. முகத்தில் ரத்தமே இல்லை. போன குளிர்காலத்தில் அவள் பூனை வலிப்பு வந்து செத்துப்போயிருந்தது. இதையெல்லாம் நோட்டில் எழுதி, டாக்டரிடம் போன அன்று அந்தத் தாளைக் கர்ட் கையால் அவரிடம் கொடுக்கவைத்தேன். மேசையில் கவிழ்ந்து கிடந்தது. டாக்டர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கர்ட் ஒரு நாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னது என் காதில் நின்றுவிட்டது. "கோடைல நல்லாத்தான் இருந்தாங்க மேவிஸ். தோட்டமெல்லாம் போட்டாங்க. குளிர் வந்தாத்தான் இப்படி ஆயிடுது. போன வருஷமும் இதே கதைதான். மனசு சோர்ந்துபோகுதோ என்னமோ."

மறதி நோய்க்குக் கோடையும் குளிர்காலமும் தெரியாது. அது ஏறுமே தவிர, தோட்டம் போட இறங்கிவராது.

மார்ச் தொடக்கத்தில் ஒரு மதியம், சாலையில் பனியை வாரிவிட்டிருந்ததால் சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன். வீட்டில் ஆளைக் காணோம். நிலவறையிலிருந்து சரக் சரக் என்று சத்தம் வந்தது. அந்தக் கதவை அவள் எப்போதும் மூடியே வைத்திருப்பாள். கீழே ஆர்னுடைய சாமான்கள் என்று சொல்லியிருந்தாள். திறந்து இறங்கினேன்.

சுவரோரம் ஐம்பது அறுபது வாளிகள். எல்லாவற்றிலும் மேட்டு மண். வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்துக்கு முன்னால் தார்ப்பாய் விரித்து மண்ணைக் காயப்போட்டிருந்தாள். ஒரு முக்காலியில் உட்கார்ந்து கம்பிச் சல்லடையில் அதைச் சலித்துக்கொண்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் தூசி புகை மாதிரி மிதந்தது. பக்கத்திலேயே காபிக் கோப்பை.

முழங்கால் போய்விட்டதால் இரண்டு வருடமாக மைதானத்தில் நின்று சலிக்க முடியவில்லையாம். பனி விழுவதற்குள் மண்ணை வாளிகளில் அள்ளி வண்டியில் கொண்டுவந்து, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தபடி சலித்தாளாம். மண்ணைத் திரும்ப வசந்தத்தில் கொண்டுபோய் மேட்டில் போட்டுவிடுவாளாம். வழக்கம் தவறக் கூடாதல்லவா.

"வெல்டா, இது என்ன?" என்றேன்.

"எது? மண்ணு. பயப்படாதே, உருக்கினாத்தான் புகை. வீட்டுக்குள்ள நான் தீக்குச்சிகூடக் கிழிக்கிறதில்ல. முப்பது வருஷத்துல என் மேல ஒரு தெறிப்பு பட்டதில்ல, கேட்டுப் பாரு யாரை வேணா."

"மூக்கைச் சிந்து."

"என்னது?"

"உனக்கு அஞ்சு வயசுன்னு நெனச்சுக்கோ. சிந்து."

காகிதக் கைக்குட்டையை நீட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே சிந்தினாள். விரித்துக் காட்டினேன். அடுப்புக் கரியைத் துடைத்தது போல இருந்தது.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். உருக்கும் புகைக்கும் தெறிப்புக்கும் பயந்து பயந்து வாழ்ந்தவள். உலர்ந்த தூசியைப் பற்றி அவளுக்கு யாரும் சொன்னதில்லை. குண்டு மேட்டில் மோதும்போதே பாதி மாவாகி மண்ணில் கலந்துவிடுகிறது. அந்த மாவை அவள் குளிர்காலம் முழுக்கக் கிளப்பிவிட, சூடாக்கும் இயந்திரம் அதை உறிஞ்சிப் படுக்கையறை வரைக்கும் ஊதிக்கொண்டிருந்தது. மேலே வந்து கூடத்துத் தரையில் சூடான காற்று வரும் துவாரத்தை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி சாம்பல் நிறமானது. சாப்பாட்டு மேசைக்குக் கீழே இருந்ததும் அப்படியே. பூனை படுக்கும் இடம் அதுதான்.

உடனே இயந்திரத்தை நிறுத்தினேன். வெல்டாவைக் குளிக்கவைத்து, வண்டியில் இருந்த என் மாற்றுடையை அவளுக்கு உடுத்தி, என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். எடுத்த பெண், டாக்டர் ஏற்கெனவே நோயைக் கண்டுபிடித்துவிட்டார், புதிதாக ரத்தப் பரிசோதனைக்கு அவசியம் இல்லை என்றாள். நான்கு நாள் இதே பதில். ஐந்தாம் நாள் வெல்டாவையும் அழைத்துக்கொண்டு நேரே போய் உட்கார்ந்தேன். டாக்டர் எங்களைக் கடந்து இரண்டு முறை போனார். மூன்றாவது முறை நான் எழுந்து, அந்தக் கைக்குட்டையும் துணியும் இருந்த பிளாஸ்டிக் பையை அவர் மேசையில் வைத்தேன்.

"இவங்க பஸ் ஓட்டுனவங்கன்னுதானே எழுதியிருக்கு?" என்றார்.

"எழுதியிருக்கிறது அதுதான். கையால என்ன செய்யறீங்கன்னு நீங்க கேட்டீங்களா?"

"ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமாம்மா?"

"பதினொரு நிமிஷத்துல முடியாதுதான்" என்றாள் வெல்டா. அவளுக்கு அந்த எண் ஞாபகம் இருந்தது. நான் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். ஐந்துக்குள் இருக்க வேண்டிய ஈயம் அறுபத்தொன்று இருந்தது.

என் வீட்டுச் சமையலறையில் வைத்துக் கர்ட்டிடம் சொன்னேன். அவன் சுபாவப்படி, யோசித்துத்தான் பேசினான். "ஈயமாவே இருக்கட்டும். அடுப்பை மறக்கறாங்க. இது சரியாகலன்னா? அந்த ரூமை விட்டுட்டா இன்னொண்ணு கெடைக்க ஒரு வருஷமாகும்."

"மூணு மாசம் வேற வீட்டுல வச்சுப் பாப்போம். மாத்திரை குடுப்பாங்க. சரியாகலன்னா நானே அவளுக்குப் பெட்டி கட்டறேன்" என்றேன்.

"என்னைப் பத்திப் பேசறப்ப என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் வெல்டா. "நான் இங்கதான் உக்காந்திருக்கேன். மூணு மாசம் சரி. மேவிஸ் வீட்டுச் சூப்பை மூணு மாசம் குடிக்கறதுக்கு பில்லிங்ஸ் தேவலையோன்னுதான் யோசிக்கறேன்."

கர்ட் அன்றைக்கு அறையை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏப்ரலை ஜூன் ஆக்கித் தள்ளிப்போட்டான்.

அதே வாரம் கிளப்பின் செயலாளர் லாயிட் ஸ்டெங்கல் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நலம் விசாரிக்க என்று நினைத்தேன். கையில் ஒரு கடிதம். மேட்டில் தோண்டுவதற்கு வெல்டா ஹாகனுக்கு கிளப் எந்தக் காலத்திலும் அனுமதி அளித்ததில்லை, நடந்தவற்றுக்கு கிளப் பொறுப்பல்ல என்று எழுதி அவளிடம் கையெழுத்துக் கேட்டார்கள். முப்பது வருடம் அவர்களுக்கு மேடு கட்டிக் கொடுத்தவளிடம். அவள் வார்த்த குண்டுகளால் கோப்பைகள் ஜெயித்து கிளப் சுவரில் போட்டோ மாட்டியவர்கள். எனக்கு வந்த கோபத்தில் கதவைச் சாத்தியிருப்பேன். அதற்குள் லாயிட் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே கேட்டார்: "அப்புறம் வெல்டா, மே போட்டிக்கான குண்டு ஏதாவது வார்த்து வச்சிருக்கியா?"

வெல்டா கடிதத்தைப் பொறுமையாக முழுக்கப் படித்தாள். "அனுமதியே இல்லாதவகிட்ட குண்டு எப்படி இருக்கும், லாயிட்?" என்று கேட்டு, கையெழுத்துப் போடாமல் மடித்து அவர் சட்டைப் பையிலேயே செருகிவிட்டாள்.

ஈயத்தை வெளியேற்றும் மாத்திரைகளுக்கு அழுகிய முட்டை நாற்றம். விழுங்கினாள். முறையான பாதுகாப்பு உடைகளோடும் முகமூடிகளோடும் ஆட்களை வரவழைத்து வீட்டைக் கழுவினோம். வாளிகளை அவர்களே மூடி முத்திரையிட்டு எடுத்துப்போனார்கள். விரிப்புகளையும் சோபாவையும் தூக்கி எறிந்தோம். ஆர்ன் உட்காரும் நாற்காலியும் போயிற்று. மே நடுவில் எண் இருபத்தொன்பதாக இறங்கியது. வயிற்று வலி நின்றது. ஒரு காலை, பேருந்து நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னாள், எந்தெந்த வீட்டு நாய் சக்கரத்தைத் துரத்தும் என்பது உட்பட. மணிக்கட்டு முழுக்கத் தேறவில்லை. சில பெயர்கள் இன்னும் நழுவுகின்றன. என் வீட்டு அடுப்பை மூன்று மாதத்தில் ஒரு முறைகூட அணைக்காமல் விடவில்லை. கர்ட் வந்தபோதெல்லாம் அவனே போய்த் தொட்டுப் பார்ப்பான்.

டாக்டர் மறுபடியும் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தாள். நல்ல முன்னேற்றம் என்றார். முன்னேற்றமாம். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவளுடைய மருத்துவப் பதிவில் மறதி நோய் என்ற வரி இன்னமும் இருக்கிறது. நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதிவிட்டேன். நான்காவது கடிதம் இந்த மேசையில்தான் இருக்கிறது.

மருத்துவமனை வாசலில் நின்றபடியே கர்ட் பில்லிங்ஸுக்குத் தொலைபேசி செய்து, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னான். ஜூன் இரண்டாம் வாரம் வெல்டா தன் வீட்டுக்குப் போனாள்.

அக்டோபரில் லாயிட் அங்கே போயிருக்கிறார். ஒரு வருடமாகத் தோண்டாத மேட்டில் ஈயம் நிறைந்து, புதிதாகச் சுடும் குண்டுகள் பழையதில் பட்டுத் தெறித்துத் திரும்பி வருகின்றனவாம். வந்து தோண்டிக் கொடுக்க முடியுமா, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டாயிற்று என்றாராம். வெல்டா கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்திருக்கிறாள். "முதல்ல தண்ணி தெளிச்சு மண்ணை நனைச்சுக்கோ. போட்டிருக்கிற துணியோட உன் வீட்டுக்குள்ள போகாதே. எப்படிச் சரிவு கட்டறதுன்னு சந்தேகம் வந்தா போன் பண்ணு, நான் வீட்டுலதான் இருப்பேன்" என்று சொல்லி அனுப்பினாளாம்.

நான் இப்போது அவளிடம் வேலைக்குப் போவதில்லை. திங்கட்கிழமை காபிக்குப் போகிறேன். போனதும், நான் கோட்டைக் கழற்றுவதற்குள் அவள் வெள்ளைத் துணியோடு குனிந்து கூடத்துக் காற்றுத் துவாரத்தைத் துடைத்துவிட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது. பிறகுதான் காபி.