முன்னால் ஓடும் மீன், பின்னால் மிதக்கும் மீன்

துணிக்கு மேலே பூவும் மீனும் வரைந்து கொடுப்பது என் தொழில். நெய்வதும் இல்லை, தைப்பதும் இல்லை, அச்சடிப்பதும் இல்லை என்பதால் நான் என்னதான் செய்கிறேன் என்று மன்னாரில் பலருக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் வரைவது ஒரு சதுரம். அதையே மேலும் கீழும் இடமும் வலமும் அடுக்கிக்கொண்டு போனால் துணி முழுக்க நிரம்ப வேண்டும். எங்கே ஒட்டினது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரியாமல் செய்வதுதான் கெட்டித்தனம். செய்துவிட்டு, ஒருவரும் கவனிக்கவில்லையே என்று குமைவது தனி வேலை. இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடலாம், நான் காத்திருக்கிறேன்.

திரைச்சீலைச் சோதனை

உப்புக்குளத்தில் எங்கள் வீட்டு முன் அறைத் திரைச்சீலை அடிக்கடி மாறும். எங்களுக்கு வசதி கூடிவிட்டது என்று அயலில் கதை. உண்மையில் அது அச்சடிக்கிற இடத்திலிருந்து வருகிற மாதிரித் துணி. அதைத் தொங்கவிட்டு, வருகிறவர்களை எதிரே கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அவர்களுடைய கண் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பேன். கண் நிற்கிற இடத்தில் பிழை இருக்கும். கணினியில் எவ்வளவு உற்றுப் பார்த்தும் அகப்படாத பிழை, தேத்தண்ணி குடிக்கிறவர் கண்ணில் பட்டுவிடும்.

ஒருமுறை எங்கள் ஊர்க் கழுதைகளை வரைந்தேன். மன்னாரில் ரோட்டும் அவற்றுக்குத்தான், பஸ் நிலையமும் அவற்றுக்குத்தான். துணியிலும் கொஞ்சம் இடம் கொடுத்தால் என்ன என்று நினைத்தேன். கழுதைகள் அருமையாக வந்தன. என் கணவர் ஜூட்டின் கூட்டாளியுடைய தகப்பன் செல்லத்துரை ஐயா, இலுப்பைக்கடவையில் வயல் செய்கிறவர், ஆஸ்பத்திரிக்கு வந்த வழியில் எங்கள் வீட்டிலும் ஏறினார். அவர் கழுதைகளைப் பார்க்கவே இல்லை. கழுதைகளுக்கு நடுவில் நான் விட்ட வெறும் இடம், சதுரத்துக்குச் சதுரம் சேர்ந்து, சீலை முழுக்க நேர்கோடுகளாக ஓடியிருந்தது. அதை மேலிருந்து கீழ்வரை ஆறுதலாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வரம்பு வடிவாத்தான் கட்டியிருக்கிறாய் பிள்ளை. தண்ணி எப்ப விடப்போறாய்?"

அழுக்குக் கடல்

கொழும்பில் ஒரு உடுப்புக் கம்பனி மன்னார்க் கரையை வைத்துச் சில வடிவங்கள் கேட்டது. நிறம் எடுப்பதற்காக, தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் கடற்கரையில் போய் இருந்தேன். அப்போது எங்கள் கடல் நீலமாக இருக்காது. மண் கலங்கி, பால் கூடிப்போன தேத்தண்ணி போல இருக்கும். அந்த நிறத்தை அப்படியே பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிடித்தும் விட்டேன். அனுப்பினதும், அந்தக் கம்பனியில் நிறங்களுக்குப் பொறுப்பான பிள்ளை போன் எடுத்தாள். மிகவும் மரியாதையான பிள்ளை. "கலர் கொஞ்சம் அழுக்கா இருக்கு மிஸ். உங்கட கடலைக் கொஞ்சம் கழுவி அனுப்ப ஏலுமா?"

சம்மாட்டியின் ஜிப்பா

கடலைக் கழுவ ஏலாது என்று எழுதிவிட்டேன். அதோடு கம்பனியும் போயிற்று. அந்த நேரம் பார்த்து ஒரு கந்தோரில் மாதச் சம்பளத்துக்கு எழுதுவினைஞர் வேலைக்கு என்னைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். எங்கள் மாதா கோவில் திருவிழா முடியப் பதில் சொல்ல வேண்டும். ஜூட் வற்புறுத்தவில்லை, என்னையே யோசிக்கச் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கையில் மிச்சமாக ஒரே ஒரு வேலை. பல படகுகள் வைத்திருக்கிற அந்தோனி சம்மாட்டிக்கு, தன்னோடு கடலுக்குப் போகிற குடும்பங்கள் எல்லாம் திருவிழாவுக்கு ஒரே துணியில் உடுக்க வேண்டுமென்று ஆசை. கடைப் பூத்துணி அலுத்துவிட்டதாம், மீன் வேண்டுமாம். இது சரிவந்தால் என் தொழில், சரிவராவிட்டால் கந்தோர் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஓரா மீனும் பாரை மீனும் பக்கவாட்டில் நீந்துவதாக, முதுகு மேலே வயிறு கீழே, வரிசை தெரியாமல் வரைந்தேன். திரைச்சீலைச் சோதனையில் ஒரு கண்ணும் எங்கேயும் நிற்கவில்லை. எங்கள் தையற்காரர் ரஹீம் நானா மாதிரிக்குச் சம்மாட்டிக்கு ஒரு ஜிப்பா தைத்தார், தோளில் வெட்டாமல், துணியை அப்படியே மடித்து. சம்மாட்டி அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றபோது எனக்குக் கந்தோர் மறந்தே போயிற்று. பிறகு அவர் திரும்பினார். தோளில் மடிந்து முதுகில் இறங்கின துணியில் மீனெல்லாம் தலைகீழ், வயிறு மேலே. அவருடைய மனைவி திரேசம்மா அக்காவின் முகம் கறுத்தது. "முன்னுக்கு ஓடுது, பின்னுக்குச் செத்து மிதக்குது. இதைப் போட்டுக்கொண்டு இவர் எந்தக் கடலுக்குப் போறது?"

படகின் விளிம்பில்

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். தோளில் வெட்டித் திருப்பித் தைத்துத் தரலாம் என்றார் ரஹீம் நானா. அவர் தைப்பார். மற்றக் குடும்பங்களில் வீட்டிலேயே தைக்கப்போகிற பெண்களுக்கெல்லாம் யார் காவல் நிற்பது? பாதி மீனைத் திருப்பி வரையலாம் என்றால், எப்படிப் பார்த்தாலும் பாதி சாகும். என்னால் ஏலாது, வேறு துணி எடுங்கோ என்று சொல்லிவிட்டு வர, காலையில் துறைக்குப் போனேன்.

சம்மாட்டி வலை மடித்துக்கொண்டிருந்தார். அது முடியும்வரை, கரையில் கட்டியிருந்த படகில் என்னை இருக்கச் சொன்னார். இருந்தேன், வேறு வேலை இல்லாமல் விளிம்பால் கீழே பார்த்தேன். ஆழமில்லாத தெளிந்த தண்ணீரில் ஒரு கூட்டம் மீன். மேலிருந்து பார்த்தால் வயிறே தெரியாது, முதுகு மட்டும்தான். இங்கே திரும்பின, அங்கே திரும்பின. எந்தப் பக்கம் திரும்பினாலும் உயிரோடுதான் இருந்தன. இவ்வளவு காலம் மீனைச் சந்தையில் கிடக்கிறபடியே பார்த்து வரைந்திருக்கிறேன். சம்மாட்டி வந்தபோது சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. இன்னும் ஒரு கிழமை தாங்கோ என்று கேட்டேன்.

முதுகு மட்டும் தெரிய, நாலா பக்கமும் திரும்பின மீன்களோடு வந்த புது மாதிரித் துணியில் ரஹீம் நானா அதே ஜிப்பாவை, அதே மாதிரி மடித்துத் தைத்தார். திரேசம்மா அக்கா கணவரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "இப்ப சரி. இனி இவர் தலைகீழா நிண்டாலும் மீன் சாகாது."

பிரசங்க நேரம்

திருவிழாப் பூசையில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். எனக்கு முன்னால் வரிசை வரிசையாக முதுகுகள், அவ்வளவும் என் மீன்கள். சந்தோஷத்தில் செபம் சொல்லவே மறந்துபோனேன். யார் வரைந்தது என்று யாராவது கேட்பார்கள், அடக்கமாக ஒரு பதில் சொல்லலாம் என்று ஆயத்தமாகவும் வந்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பிரசங்கம் நீண்டுகொண்டே போயிற்று. என் பக்கத்தில், முள்ளிக்குளத்திலிருந்து வந்திருந்த ஒரு கடற்தொழிலாளி மனைவியோடு இருந்தார். அவர் பிரசங்கம் வைத்த சுவாமியைப் பார்க்கவில்லை, முன்னால் இருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மனைவியின் பக்கம் சாய்ந்து இரகசியமாகச் சொன்னார்: "அந்தத் தோள்மூட்டடியில நிக்கிற ஓராவைப் பாருமன். அது தப்பப் போகுது."

அடுத்த நாளே, அந்த வேலை வேண்டாம் என்று கந்தோருக்கு அறிவித்துவிட்டேன். சரியாகச் செய்தால் மீனைப் பார்ப்பார்கள், பிழையாகச் செய்தால் மட்டும் நம்மைப் பார்ப்பார்கள் என்கிற இந்தத் தொழிலை விட மனம் வரவில்லை, என்ன செய்ய.