லூர்து அக்கா வைத்த கை

தெஹியோவிட்ட தபால் கந்தோரில் பார்சல்களோடு வரிசையில் நின்றபோது போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க, செல்வி" என்றாள் எங்களோடு பை தைக்கும் ரதி. திரும்பி ஓடத்தான் மனம் சொன்னது. ஆனால் வாங்கியவர்களைக் காக்க வைத்தால் அக்காவுக்கு என்ன கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். பார்சல்களைக் கொடுத்துவிட்டுத்தான் அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

லூர்துமேரி அக்காவை நம் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. காலையில் என்னோடு ரப்பர் பால் வெட்டுவார். மத்தியானத்துக்குப் பிறகு, நாங்கள் சேலைத் துணியில் தைக்கும் பைகளை எங்கள் இணையக் கடைக்காகப் படம் பிடிப்பார்.

எங்கள் முதல் படங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். சடங்கு வீட்டுப் பெண்ணை உட்கார வைப்பதுபோல் நாற்காலியை ஜோடித்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூ வைத்து, நடுவில் பையை உட்கார வைத்திருந்தோம். முதலில் வந்த கேள்வி, "அந்தப் பூச்சாடி என்ன விலை?" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பிராவின் ஜன்னலோரம் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். வெயில் நேரே விழாமல், மழைக்கு ரப்பர் மரத்தில் கட்டும் வெள்ளைப் பொலித்தீனைக் கழுவி ஜன்னலில் ஒட்டினார். "சேப்பு சேப்பாவே தெரியணும்டி. வீட்டுக்குப் போய்ப் பிரிக்கறப்போ அவங்க மூஞ்சி மாறக் கூடாது" என்பார்.

பிறகு ஒரு பை திரும்பி வந்தது. படத்தில் பெரிதாகத் தெரிந்த பை, கையில் வாங்கியபோது சில்லறைப் பை அளவுதான் இருந்ததாம். அன்றிலிருந்து அளவு தெரிவதற்காக ஒவ்வொரு பையின் பக்கத்திலும் அக்கா தன் கையை வைத்தார். பால்கறை ஏறிக் கறுத்த விரல்கள். நகத்தோரம் எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு.

தீபாவளிக்கு முன்பு கொழும்பிலிருந்து ஒரு கடைக்காரர் வந்தார். பைகள் மொத்தமும் தனக்கே வேண்டும் என்றும், படங்களையும் தன் கடையின் இணையப் பக்கத்தில் போடுவதாகவும் சொன்னார். பண்டிகைச் செலவுக்கு அந்த ஓடரைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். அவருக்கு ஒரே ஒரு குறை. "அத அயின் கரன்ன" என்றார், கையை எடுத்துவிடச் சொல்லி. வேண்டுமானால் கொழும்பில் ஒரு வெள்ளைக் கையை வைத்து எடுத்துக்கொள்ளலாமாம்.

அக்காவுக்குச் சிங்களம் நம்மைவிட நன்றாக வரும். அன்று தமிழில்தான் சொன்னார். "கை இல்லாம பை எங்கேருந்து வந்திச்சு மாத்தயா? ரெண்டும் சேர்ந்துதான் வரும். வேணும்னா எடுங்க."

அவர் எடுக்கவில்லை. ரதி ஒரு வாரம் அக்காவோடு பேசவில்லை. அந்தத் தீபாவளிக்குப் பலர் வீட்டில் புதுத்துணி இல்லை. அக்கா மட்டும் எதுவும் நடக்காதது போல ஜன்னலோரம் உட்கார்ந்து படம் பிடித்தார்.

பிறகு எஹலியகொடயிலிருந்து ஒரு பெண் படத்தின் கீழே எழுதினாள்: "எங்கம்மா கையும் இப்பிடித்தான்." வாங்கிய பையைத் தன் தாயின் கையில் கொடுத்துப் படமும் போட்டாள். அதைப் பார்த்து இன்னொருவர், இன்னொருவர். சிங்கள வீட்டு அம்மாக்களின் கைகளும் வந்தன. அத்தனையும் ரப்பர் மரத்திலும் தேயிலைக் கொழுந்திலும் கறுத்த கைகள். ரதிதான் ஒவ்வொன்றையும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினாள். எங்கள் கடையை ஆட்கள் தேடிவர ஆரம்பித்தது அதன் பிறகுதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

போன வாரம் புதுப் பை ஒன்றைப் படம் பிடிக்க உட்கார்ந்தோம். வெள்ளைத் துணி விரித்தாயிற்று, பொலித்தீன் ஒட்டியாயிற்று. பையின் பக்கத்து இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அப்போதுதான் பால் வெட்டிவிட்டு வந்திருந்தேன். கழுவப் போகாமல் என் கையை அப்படியே வைத்தேன். ரதி படம் பிடித்தாள்.