நான் துண்டித்த இரண்டு அழைப்புகள்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மழைக்காலப் பிற்பகல். திருவனந்தபுரத்தில் ஒரு சிறிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஐந்தாவது மாடி ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சு, வீடியோ, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் இணைய வழியிலேயே கொண்டுபோகும் மொபைல் நெட்வொர்க் ஒன்றின் மாதிரியை ஆறு பேர் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தோம். மறுநாள் வாடிக்கையாளர்கள் பார்க்க வருவதாக இருந்தது.

அதில் அவசர அழைப்பு என் பொறுப்பு. கைப்பேசிக்கு அதன் சொந்த சிக்னல் கிடைக்காத இடத்தில் 112 அழுத்தினால், பக்கத்தில் இருக்கும் எந்த நெட்வொர்க்கும் அந்த அழைப்பை ஏற்க வேண்டும். சோதனைக்காகப் போலீஸைத் தொந்தரவு செய்ய முடியுமா? அதனால் 112 அழைப்பெல்லாம் என் மேஜையில் இருந்த ஒரு போனுக்கு வரும்படி செய்திருந்தேன். யாராவது ஒருவர் அழைப்பார், மணி அடிக்கும், நான் பேசாமலே துண்டித்துவிட்டுத் தாளில் ‘வெற்றி’ என்று எழுதுவேன். மணி அடித்தால் போதும் என்பது எங்கள் வழக்கம்.

சிக்னல் வெளியே கசியாமலிருக்க இதையெல்லாம் ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறந்து மூடச் சோம்பல்பட்டு, அன்று காலை ஆன்டெனாவை வெளியே எடுத்து வைத்துவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. எங்கள் ஆய்வகம் மட்டும் யுபிஎஸ் தயவில் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அந்த போன் அடித்தது. துண்டித்தேன், ‘வெற்றி’ என்று எழுதினேன். மறுபடி அடித்தது. அதற்கும் அப்படியே. மூன்றாவது தடவை அடித்தபோது கோபம் தலைக்கேறியது. எப்போதும் சீண்டுகிற கொல்லத்துக்கார நண்பரின் வேலைதான் என்று திரும்பினால், அவர் சாரல் அடித்த ஜன்னலை இரண்டு கைகளாலும் இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

“ஞானல்ல, கேட்டோ” என்று, தான் இல்லை என மலையாளத்தில் சொன்னார்.

எடுத்தேன். பேச்சில்லை, மூச்சு மட்டும் விசில் அடிப்பதுபோல் கேட்டது. பிறகு மெதுவாக, “லிஃப்டுல மாட்டிக்கிட்டேன்... மூச்சு கிட்டல...”

எங்கள் கேன்டீனை நடத்தும் அக்கா! சாலைக் கடைத்தெருப் பக்கத்துத் தமிழர், ஆஸ்துமாக்காரர். ஆய்வகச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட். உள்ளே சிக்னல் இல்லாமல் அவர் அழுத்திய 112, வெளியே இருந்த எங்கள் ஆன்டெனா வழியே என் மேஜைக்கு வந்திருக்கிறது. கத்திக் கூப்பிட அவரிடம் மூச்சு இல்லை.

நண்பர் கேன்டீனுக்கு ஓடி அக்காவின் இன்ஹேலரை எடுத்துவந்தார். நான் காவலாளியையும் சாவியையும் இழுத்துக்கொண்டு வந்தேன். கதவு திறந்தபோது அக்கா தரையில் சரிந்து கிடந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. மருந்து உள்ளே போய் அவர் மூச்சு சீராகும்வரை நான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன்.

மறுநாள் எங்கள் மேலாளர் வந்தவர்களிடம், இந்தச் சோதனை நெட்வொர்க் ஏற்கெனவே ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது என்று பெருமையாகச் சொன்னார். கை தட்டினார்கள். எனக்கு முள்மேல் இருப்பதுபோல் இருந்தது. டீ கொண்டுவந்த அக்கா வேறு என் காதருகே, “நீ எடுத்ததால பிழைச்சேன் மோளே. அதுக்கு முன்ன ரெண்டு வாட்டி எவனோ பாவி கட் பண்ணிட்டான்” என்றார்.

சாயந்திரம் கேன்டீனுக்குப் போனேன். “அக்கா, அந்தப் பாவி நான்தான்” என்று சொல்லி, தாளில் எழுதியதுவரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. “ரெண்டாவதும் கட் ஆனப்ப, இனி வேண்டாம்னு போனைக் கீழ வச்சுட்டேன். பின்ன என் மோன் முகம் ஓர்மை வந்துச்சு. அதான் இன்னும் ஒரு வாட்டி அமுக்கினேன்” என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மேலாளரிடமும் உண்மையைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆன்டெனா பெட்டிக்குள் போனது. மறுமுனையில் இருப்பவர் பேசுவதைக் கேட்காமல் எந்த அழைப்பையும் தேறியதாக எழுதக் கூடாது என்று விதி வைத்தோம். அதெல்லாம் சரிதான். ஆனால் அன்று அக்கா இரண்டோடு விட்டிருந்தால், மறுநாள் எல்லோரோடும் சேர்ந்து நானும் அவருக்காக அழுதிருப்பேன், அவரைக் கைவிட்டது யார் என்று கடைசிவரை தெரியாமலே.