சேர்ந்து புரண்ட தாள்கள்

மார்ச் மாதம் பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் வானம் மூடிக் கிடந்தது. மழையும் பெய்யவில்லை, காற்றும் வீசவில்லை. புழுக்கம் மட்டும் ஈரத்துணியைப் போல எல்லார்மேலும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புழுக்கத்தில், ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில், பூட்டிய கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே, நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண் பேனாவைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். தேர்வு அவளுக்கில்லை, அவளருகே அமர்ந்திருந்த பார்வையற்ற மாணவிக்கு.

பார்வையில்லாத பிள்ளைகள் விடையைச் சொல்லச் சொல்ல, அதைத் தாளில் எழுதித் தர ஓர் ஆள் வேண்டுமல்லவா? ‘சொல்வதை எழுதுபவர்’ என்பது தேர்வு அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் கையக்கா.

மற்ற நாள்களில் அவள் பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளின்மேல் முகவரி எழுதுபவள். முத்துக் கோத்தாற்போன்ற கையெழுத்து. ஆனால், அந்தக் கை தனக்கென்று எழுதிய தேர்வு எதிலும் தேறியதில்லை. சிறுமியாக இருந்தபோது, வீட்டில் பாடத்தைக் கேட்டால் மடை திறந்தாற்போல் ஒப்பிப்பாள். வினாத்தாளைக் கண்டாலோ மரமாகிவிடுவாள். இறுதித் தேர்வில் தன் பெயரையும் எண்ணையும் மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்தாள். “பேரைத் தப்பில்லாம எழுதியிருக்கா பாரு, அதுக்கு எவ்வளவு மார்க் போடுவாங்க?” என்று அண்ணன் கேட்டதும், வீடே சிரித்ததும் இன்றுவரை அவள் காதைவிட்டு இறங்கவில்லை. சொல்வதை எழுதுபவர் தேர்வு எழுதும் பிள்ளையைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால், எந்தத் தோல்வி அவளைப் பள்ளியைவிட்டுத் துரத்தியதோ அதுவே அவளைத் திரும்பவும் தேர்வறைக்குள் அழைத்து வந்தது. பயமும் கூடவே வந்தது.

“அக்கா, மேஜை ஆடுது. பரீட்சை எனக்கா, உங்களுக்கா?” என்றாள் மாணவி. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். சட்டக் கல்லூரியில் சேர அவள் இந்தத் தாளில் வாங்கப்போகும் மதிப்பெண்ணைத்தான் நம்பியிருந்தாள்.

“சும்மா இரு வக்கீல். கேள்வியைப் படிக்கிறேன்.”

“அங்க என்ன பேச்சு?” என்றார் கண்காணிப்பாளர். விடை தவிர வேறு ஒரு சொல் காதில் விழுந்தாலும் தாளைப் பறித்துவிடுவார் என்று பெயரெடுத்தவர் அவர். அவருடைய காலணி ஓசை பின்னால் கேட்கும்போதெல்லாம் கையக்காவின் பேனா ஒரு கணம் நின்றது. உள்ளங்கை வியர்த்து வழிந்தது. புடவையில் துடைத்தாள், எழுதினாள், மறுபடியும் துடைத்தாள்.

வக்கீலோ கரைபுரண்டு பேசினாள். சிறிய வினாக்கள் முடிந்தன. கடைசியாக இருந்த மூன்று பெரிய வினாக்களுக்காகவே மாதக்கணக்கில் படித்தவளைப்போல, காரணம், விளைவு, மறுப்பு என்று அடுக்கிக்கொண்டே போனாள். முடித்ததும் மெல்லக் கேட்டாள்.

“இன்னும் எவ்வளவு இடம் இருக்கு அக்கா?”

“ஒரு பக்கம்.”

“அவ்வளவுதானா? நீங்க புரட்டறதை எண்ணிக்கிட்டேதான் வந்தேன். இன்னும் ஒரு தாள் இருக்கணுமே?”

“பேச்சு வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கண்காணிப்பாளர் இரண்டடி முன்னே வந்தார். கையக்கா வாயை மூடிக்கொண்டாள். பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கவும் அவளுக்குத் துணிவில்லை. மணி அடித்தது, தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள்.

மறுநாள் பார்சல் அலுவலகத்தில் முகவரிச் சீட்டுக் கட்டைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தாள். வியர்த்த விரலில் இரண்டு சீட்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. மேலே இருந்ததில் முகவரி; அடியில் இருந்தது வெறுமை. அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ‘இன்னும் ஒரு தாள் இருக்கணுமே?’ என்று வக்கீல் கேட்டாளே, அன்றும் இரண்டு தாள்கள் இப்படித்தான் சேர்ந்து புரண்டிருக்குமோ?

அப்படியானால், விடைத்தாளின் நடுவில் எதிரெதிரான இரண்டு பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கும். கட்டுக்கட்டாகத் திருத்துகிறவர் அந்த வெறுமையைக் கண்டதும் ‘இத்துடன் முடிந்தது’ என்று கோடிழுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு அப்பால் இருப்பது மூன்று பெரிய விடைகள். வக்கீலின் கல்லூரியே அங்குதான் இருக்கிறது. அன்று முழுவதும் அவள் முகவரிகளைத் தப்பும் தவறுமாக எழுதினாள்.

மாலையில் கணவனிடம் சொன்னாள். அவன் அதே அலுவலகத்தில் வண்டி ஓட்டுபவன், நிதானக்காரன்.

“உனக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியலைங்க. தெரியாததுதான் பயமா இருக்கு.”

“அப்ப பேசாம இரு. வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்காதே. திருத்தறவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிப் பார்த்துட்டா ஒரு பிரச்சினையும் இல்ல. நீ போய்ச் சொல்லி, அவங்க அந்தப் பொண்ணோட பேப்பரையே நிறுத்தி வெச்சுட்டா?”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொன்னால் கெடுமா, சொல்லாவிட்டால் கெடுமா? தராசின் இரண்டு தட்டிலும் அந்தப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள். சோறு இறங்கவில்லை; கண்ணை மூடினால் வெள்ளைப் பக்கம் தெரிந்தது. தான் சிறுமியாக விட்டுவந்த வெள்ளைத் தாள்கள்தாம் துரத்தி வருகின்றனவோ என்றுகூட அஞ்சினாள். ஒருவழியாகப் பத்தாம் நாள், முடிவெடுக்கும் உரிமை தனக்கில்லை என்று தெளிந்து, வக்கீலின் விடுதிக்குப் போனாள்.

வக்கீல் முழுவதையும் கேட்டாள்.

“நான் கேட்டப்பவே ஏன் பார்க்கல?”

“பயந்துட்டேன் கண்ணு.”

“நான் படிச்சது என் தலையில இருக்கு. என் பயத்தை நான் அடக்கிட்டேன். உங்க பயத்துக்கும் நான்தான் மார்க்கை விடணுமா?” பிறகு, கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “வாங்க, போகலாம்.”

தேர்வு அலுவலகத்தில் மூத்த அலுவலர் ஒருவர் தாளை வரவழைத்துப் பார்த்தார். மேஜையில் விரித்து வைத்தார். கையக்கா எட்டிப் பார்த்தாள். இரண்டு வெள்ளைப் பக்கங்கள். அவற்றுக்கு முந்தைய பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் கோடு.

“திருத்தியாச்சு. இதோட நிறுத்திட்டார்” என்றார் அலுவலர்.

“பின்னாடி மூணு பதில் இருக்கு சார்” என்றாள் வக்கீல். “சந்தேகமா இருந்தா இப்பவே கேளுங்க. பேனாவும் வேண்டாம், அக்காவும் வேண்டாம். நீங்க கேளுங்க, நான் சொல்றேன்.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ சொல்லுவேன்னு எனக்குத் தெரியுதும்மா. ஆனா, நீ வாயால சொல்றதுக்கு மார்க் போட இங்க வழியே கிடையாது. தாள்ல இருக்கறதுக்குத்தான் போட முடியும்.”

“தாள்ல இருக்கறது நான் சொன்னதுதானே?”

“அதைத்தான் விசாரிக்கணும்.” அவர் கையக்காவின் பக்கம் திரும்பினார். “உட்காருங்க. ரெண்டு வழி இருக்கு. அப்புறமா எழுதிக்கலாம்னு பக்கத்தை விடச் சொன்னது இந்தப் பொண்ணுன்னா, அது தேர்வு எழுதறவங்க பொறுப்பு. திரும்பத் திருத்த மாட்டோம். யார்மேலயும் நடவடிக்கை கிடையாது. எழுதினவங்க தப்புன்னா மறுபடி திருத்தலாம். ஆனா, உங்க பேரை எடுத்துடுவோம். இனிமே எந்தப் பிள்ளைக்கும் நீங்க எழுத முடியாது. உங்களுக்கு நன்னடத்தைச் சான்று கொடுத்த பார்சல் ஆபீசுக்கும், கவனக்குறைவுன்னு கடிதம் போகும். வேலைக்கு என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க.”

எதிரே மேஜை, மேஜைமேல் தாள், அப்பால் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு மனிதர். கையக்கா உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். அவள் வக்கீலைப் பார்த்தாள். எதற்கும் வாதாடும் அந்தப் பெண் கைத்தடியை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் சாய்த்திருந்தாள்.

அலுவலர் பேனாவைத் திறந்தார்.

“பக்கத்தை விட்டது யாரு?”

“நான்தாங்க” என்றாள் கையக்கா.