ஆமென் அக்காவின் தாழ்மை

நாத்தனார் அண்ணியைப் பற்றி நல்லதாகப் பேசினால் உலகம் நம்பாது. கெட்டதாகப் பேசினால் உடனே நம்பும். நான் இரண்டும் பேசவில்லை, உள்ளதைச் சொன்னேன். அதற்கே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் அண்ணிக்குச் சபையில் ஆமென் அக்கா என்று பெயர். போதகர் பிரசங்கத்தில் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், முன்வரிசையிலிருந்து அவளுடைய ஆமென் வந்து விழும். அவள் ஜெபிக்க எழுந்தால் அழுகிற குழந்தைகூட வாயை மூடிக்கொள்ளும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆபரேஷன், மருமகனுக்கு வேலை, எதுவானாலும் "அக்கா, கொஞ்சம் ஜெபிச்சுக்கோங்க" என்று எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். உனக்கு என்ன குறை என்று அவளிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

அவளுக்கும் எனக்கும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. உலர்ந்த படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். அப்படி எதிரே வந்து, முனைகளை என் கையில் கொடுத்தபடி அண்ணி சொன்னாள்.

"எனக்கு ஜெபம் வரலடி."

"என்ன அண்ணி சொல்றீங்க? ஞாயித்துக்கிழமைகூட மழையா கொட்டுனீங்களே!"

"அது பழகின வாய். அது பாட்டுக்குப் பேசும். தனியா முழங்கால் போட்டா, ஆளில்லாத வீட்டுல நின்னு கூப்பிடற மாதிரி இருக்கு. ரொம்ப நாளா இப்படித்தான்." அடுத்த விரிப்பை எடுத்தாள். "எனக்காக சபையில யாராவது ஒருத்தர் ஜெபிக்கணும்டி. நான் இப்படி இருக்கேன்னு நம்பி ஜெபிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நான் ஜெபிக்கிறேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. என் ஜெபம் சாப்பாடு ஆறுவதற்குள் முடிந்துவிடும். "புதுப் பாஸ்டர் ஏதோ ஆரம்பிக்கிறாராமே, அங்க சொல்லுங்க" என்றேன்.

நிஜமாகவே ஆரம்பித்தார். புதன்கிழமை சாயங்காலம், ஆராதனைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். "இங்க வேஷம் வேண்டாம். நம்ம ஆத்துமா வளருதா, அப்படியே நின்னு போச்சா, மனசு திறந்து பேசுவோம்" என்றார். அடேயப்பா, அதற்கப்புறம் பேசினார்களே, கேட்டிருக்க வேண்டும்! தன் பெரிய குறையே வேதம் வாசிக்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராததுதான் என்றாள் பள்ளிக்கூட டீச்சர். பாடகர் குழுத் தலைவி, தனக்கு இரக்கம் அதிகமாகிவிட்டதென்று வருத்தப்பட்டாள். நான் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அண்ணியின் முறை வந்தது. கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு ஜெபம் வரல. இங்க நான் ஜெபிக்கிறதெல்லாம் வெறும் பேச்சு. ஆண்டவர் கேக்கறாரான்னே எனக்குத் தெரியல. எனக்காக ஜெபிங்க."

அப்பாடா, சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயோ, என்ன தாழ்மை! அக்காவே இப்படிச் சொன்னா நாமெல்லாம் எங்க போறது?"

"பாத்தீங்களா?" என்று நெகிழ்ந்துபோனார் போதகர். "நிறைகுடம் தளும்பாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. "பாஸ்டர், அவங்க தாழ்மைக்காகச் சொல்லல. நிஜமாவே வரல. நான் கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாடகர் குழுத் தலைவி பக்கத்திலிருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியாகவே முணுமுணுத்தாள். "நாத்தனார் இல்லையா, பின்ன எப்படி இருக்கும்?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அன்றைக்கே அந்த வட்டத்துக்கு அண்ணியைத் தலைவியாக்கிவிட்டார் போதகர். வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொல்லச் சொல்ல, தாழ்மை கூடிக்கொண்டே போயிற்று. என் அண்ணன் வேறு அக்கம்பக்கமெல்லாம் போய்ப் பெருமையடித்துவிட்டு வந்தான். இனிமேல் வாரா வாரம், மற்றவர்கள் மனம் திறக்க அவள் உதவ வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சில வாரம் கழித்து, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாக வந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். "எனக்கு ஜெபம் வரலக்கா. செவுத்தோட பேசற மாதிரி இருக்கு."

அண்ணியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். "எனக்கும் அதேதாம்மா! அச்சு அசலா அதேதான்!"

அந்தப் பெண் அழுகையினூடே சிரித்தாள். "என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க. உங்க நல்ல மனசு யாருக்கு வரும்! நீங்க எனக்காக ஜெபிங்கக்கா, எல்லாம் சரியாயிடும்."

தலைகள் குனிந்தன. கண்கள் மூடின. மூடாமல் இருந்தது நானும் அண்ணியும்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய, வாயைத் திறந்தால் மறுபடி நாத்தனார்தானே! அண்ணி ஜெபித்தாள். வார்த்தைக்கு வார்த்தை குழைந்து, அழகாக, ஒரு தடங்கலும் இல்லாமல். கண்ணை மட்டும் அவள் மூடவே இல்லை. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள்.

அடுத்து வந்த ஞாயிறு ஆராதனையில் அந்தப் பெண் எழுந்து சாட்சி சொன்னாள். தனக்கு ஜெபம் வந்துவிட்டதாம். காலையில் கடை திறக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சும்மா இருக்கும்போதுகூட ஆண்டவர் பக்கத்திலேயே இருப்பதுபோல் இருக்கிறதாம். பொய்யில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சபை கைதட்டியது. அண்ணியும் தட்டினாள்.

ஆராதனை முடிந்ததும் செருப்பைக்கூடப் போடாமல் அண்ணி வாசலுக்கு ஓடினாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா வந்துச்சு? மொதல்ல என்ன பண்ணே? என்ன சொல்லிக் கூப்பிட்டே? ஒண்ணு விடாம சொல்லும்மா."

அந்தப் பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "என்னக்கா, எனக்கே பரீட்சை வைக்கிறீங்களா?"

"இல்லம்மா, சத்தியமா. எனக்குத் தெரியணும்."

"எல்லாம் உங்க ஜெபந்தான்க்கா!" என்றாள் அவள், சரியான விடை சொல்லிவிட்ட சந்தோஷத்தோடு. அண்ணி இன்னும் கையை விடவில்லை. பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண்தான் மெல்ல, மரியாதையாக, ஒவ்வொரு விரலாக விலக்கிக்கொண்டு போனாள்.